அரைச்சுப்பு, முழுச்சுப்பு

"மூணாம் நம்பர் அலமாரியைச் சுப்பிட்டாங்கப்பா!" என்று கத்தினார் பாலிஷ்காரர்.

அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து கீல் முடுக்கிக்கொண்டிருந்த மேஸ்திரியின் கையிலிருந்து திருப்புளி நழுவியது. சுப்பு என்பது அவர் பெயர். பெற்ற தாயும் அப்படித்தான் கூப்பிட்டாள், பட்டறையும் அப்படித்தான் கூப்பிடுகிறது.

"என்னத்தைச் சுப்பிட்டாங்க?" என்று எழுந்தார்.

பாலிஷ்காரர் அலமாரிக் கதவைத் தள்ளிக் காட்டினார். "ஒண்ணுமில்ல மேஸ்திரி. ஒரு கதவு இறுக்கமா இருந்துச்சு. சரி பண்ணப் போயி இப்ப ரெண்டு கதவும் மூடல. அதுக்கு இப்பல்லாம் அப்படித்தான் சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"எல்லாரும்."

எல்லாரும் என்றால் சொன்னவனும் சேர்த்திதான். வேறு நாளாக இருந்தால் மேஸ்திரி விட்டிருப்பார். ஆனால் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து இருபது நாள். பேரனுக்குத் தன் பெயர்தான் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பதிவு செய்ய வேண்டும். மாப்பிள்ளை இதே பட்டறையில் வேன் டிரைவர். அவர் காதில் இது விழுந்தால் பேரனுக்குப் பெயர் வைத்த மாதிரிதான்!

நேரே வேனுக்குப் போனார். "மாப்ளே, பட்டறையில புதுசா ஏதாச்சும் பேசிக்கிறாங்களா?"

"தெரியலையே மாமா." குரல் கரகரத்தது. "ஒரு வாரமா தொண்டை கட்டிக்கிச்சு மாமா. யார்கிட்டயும் பேசறதே இல்ல மாமா."

ஒரு மூச்சுக்கு மூன்று மாமா போடுகிறவனை நான் நம்பமாட்டேன். மேஸ்திரி நம்பினார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

திரும்பி வந்து சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்: 'சுப்பு என்பது மனிதர் பெயர். வேறு பொருளில் சொல்பவருக்கு டீ கிடையாது.'

அதுவரை பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது. கூட்டமாக வந்து படித்தார்கள்.

"வேற பொருள்னா எது மேஸ்திரி?" என்று ஆபீஸ் அம்மா கேட்டார். "தெளிவா எழுதுங்க. பாவம், தெரியாம சொல்லி டீயை இழந்துடப் போறாங்க."

மேஸ்திரி பாலிஷ்காரரை மிரட்டி விசாரித்து, முத்துமுத்தான கையெழுத்தில் எழுதினார். சுப்புதல்: நன்றாக இருப்பதையும் சேர்த்துக் கெடுத்தல். அரைச்சுப்பு: கெடுத்தபடியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போதல். முழுச்சுப்பு: கெடுத்துவிட்டு அடுத்தவன்மேல் பழி போடுதல்.

பின்னிரண்டும் பாலிஷ்காரர் அந்த நிமிஷம் கட்டிவிட்டது.

சாயங்காலம் அலமாரி வாங்க வந்த ஒரு அம்மாள் நோட்டீஸைப் படித்துவிட்டு, "எனக்குப் போன மாசம் குடுத்தீங்களே, அது அரையா முழுசா?" என்று கேட்டார்.

முதலாளிக்கு ஒரே குஷி. "பிரமாதம் மேஸ்திரி! புகார் நோட்டுல பக்கம் பக்கமா எழுதிக்கிட்டிருந்தோம். இனிமே மூணு கட்டம் போதும், ஒரு டிக் அடிச்சா முடிஞ்சுது!" மறுநாளே நோட்டு அச்சாகி வந்தது.

மேஸ்திரி ஓடிப்போய் நோட்டீஸைக் கிழித்தார். ஒட்டியது பட்டறைக் கோந்து. காகிதத்தோடு ஒரு முழம் சுவர்ப் பூச்சும் பெயர்ந்து விழுந்தது.

"யாருய்யா இவ்வளவு கோந்து தடவினது? பாலிஷ்காரனா?" என்று கத்தினார்.

பின்னால் நின்ற முதலாளி நிதானமாகச் சொன்னார்: "முழுச்சுப்பு."

வியாழக்கிழமை மகள் வீட்டில் மேஸ்திரி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தூங்குகிற பேரனின் கால்விரலைத் தொட்டார். நாளைக்கு இவன் பள்ளிக்கூடத்தில் பெயரைச் சொன்னால் என்ன சிரிப்பு சிரிப்பார்கள்!

"என் பேரு வேணாம்மா. உங்களுக்குப் பிடிச்சதை வையுங்க."

"நெசமாவாப்பா?" என்று மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு தலையணைக்கு அடியிலிருந்து படிவத்தை எடுத்தாள். அதில் வேறொரு பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. மேஸ்திரியின் மனைவி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சம்பந்தியம்மா வெந்நீர் டம்ளரை மகனிடம் நீட்டினார்.

"அதான் அவரே வேணாம்னுட்டாரே, போதும்டா. சரக்கு எறக்கப் போன எடமெல்லாம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி, தொண்டையைச் சுப்பிக்கிட்டு வந்து நிக்கிற!"