நத்தைக்கு மூன்று கையெழுத்து

"படத்தில் உங்களைத் தவிர வேறு யாருடைய கைவேலையாவது உண்டா?" என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். கட்டட வரைவாளருக்குப் பொய் வராது. "வண்ணம் மட்டும் என் மனைவி" என்று எழுதித் தொலைத்தார். அங்கே ஆரம்பித்தது வினை.

அவர் வீட்டில் படம் போடும் மென்பொருள் ஊருக்கெல்லாம் இலவசம். தன்னார்வலர்கள் கூடி உருவாக்கியது. கணினிதான் பழசு. பட்டனை அமுக்கிவிட்டு, அடுப்படியில் நின்று டீயைக் குடித்து முடித்து வந்தால் சரியாகத் திறந்திருக்கும். மென்பொருள் திறந்து முடியும்வரை திரையில் நிற்கும் முகப்புப் படம் எல்லோருக்கும் அலுத்துவிட்டதாம், புதுசு கேட்டிருந்தார்கள். தேர்வானால் வரைந்தவர் பெயரும் அதில் வரும். இருபது வருஷமாக அவர் போட்ட பிளான்களில் எல்லாம் என்ஜினீயர் பெயர்தான். இந்த ஒரு இடத்திலாவது தன் பெயர் வராதா என்று ஏங்கினார். பென்சில் சுமக்கும் நத்தை ஒன்றை அனுப்பியிருந்தார். இன்று மாலை ஆறு மணி கடைசி.

பதில் உடனே வந்தது. யார் வேண்டுமானாலும் படத்தை நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று மனைவியும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"மாத்தலாம்னா? நான் வச்ச பச்சையை எவனோ ஊதா ஆக்குவானா?"

"ஆக்கினா ஆக்கிட்டுப் போறான், விடு."

"அப்ப கையெழுத்து கிடையாது."

அவர் சத்தமில்லாமல் பச்சையை அழித்துச் சாம்பல் நிறம் பூசினார். தொல்லை விட்டது என்று நிமிர்ந்தால், பின்னால் மனைவி.

"என் கலரை எடுத்துட்டா உங்க படம் ஆயிடுமா? நத்தையே எங்கம்மா போட்டுக் கொடுத்தது. நேர்கோட்டைத் தவிர உங்களுக்கு என்ன வரும்?"

அது உண்மை. மாமியார் நோட்டு அட்டையில் போட்டதைத்தான் அவர் படியெடுத்திருந்தார். பென்சில் மட்டும் சொந்தம். அதையும் ஒப்புக்கொண்டு எழுதினார். பச்சை திரும்பி வந்தது. மனைவி பெயர்தான் முதலில் என்ற நிபந்தனையோடு அவள் கையெழுத்தும் வந்தது. மணி ஐந்தரை.

"படம் எப்படி இருக்கிறது?" என்று ஆசையாக ஒரு வரி சேர்த்திருந்தார். பதில் வந்தது:

"நான் உரிமம் மட்டும் சரிபார்ப்பவன். படத்தைப் பார்ப்பவர் வேறு. மாமியாரின் கையெழுத்தும் வேண்டும். அவர் எதையாவது பார்த்து வரைந்தாரா என்றும் கேளுங்கள்."

மாமியார் வழக்கம்போல் கணினிக்கு எதிர் நாற்காலியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். வரைவாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரே ஒரு கேள்வி அத்தை. நத்தையை நீங்க மனசுலேர்ந்துதானே வரைஞ்சீங்க?"

"மனசுலேர்ந்து எங்க மாப்பிள்ளை? தினம் நீங்க பட்டனை அமுக்கிட்டு டீ குடிக்கப் போனதும் இந்தப் பெட்டியில ஒரு நத்தை வருமே, அதைப் பார்த்துத்தான் போட்டேன்."