பி செக்‌ஷன் தொடக் கூடாத புத்தகம்

கேன்டீனில் பி செக்‌ஷன் ஹரிஷின் செல்போனைத் தற்செயலாக எட்டிப் பார்த்த மைதிலிக்குக் காபி புரையேறியது. பையன் படித்துக்கொண்டிருந்தது அவளே எழுதிய புள்ளியியல் புத்தகம்.

வேறு எந்த லெக்சரராக இருந்தாலும் பூரித்துப் போயிருப்பாள். மைதிலியோ காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு அவன் மேஜைக்கு விரைந்தாள்.

இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகூடப் பாராமல் எழுதி, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம் என்று இணையத்தில் போட்ட புத்தகம் அது. காலேஜுக்குப் பக்கத்து அடுகோடி சிக்னலில் வண்டிகள் நிற்கும் நேரத்தை வைத்தே சராசரி சொல்லிக்கொடுத்திருந்தாள். பிரின்சிபால் கிளிஃபர்டுக்கோ ஓசிப் புத்தகம் என்றாலே ஆகாது.

"ஏ செக்‌ஷன் உங்க புக்கைப் படிக்கட்டும். பி செக்‌ஷனுக்கு நான் வழக்கமான புக்கை வாங்கிப் போடறேன். டெஸ்ட்ல பார்த்துடலாம். உங்க புக்கு தோத்தா அப்புறம் காலேஜ் பக்கமே அது வரக் கூடாது" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

டெஸ்டுக்கு இன்னும் பத்து நாள். இரண்டு செக்‌ஷனும் ஒரே புத்தகத்தைப் படித்துத் தொலைத்தால் எதை வைத்து எதை நிரூபிப்பது?

"ஹரிஷ், நீ பி செக்‌ஷன்தானே? இதைப் படிக்கக் கூடாது."

"ஏன் மேம்?"

"கூடாதுன்னா கூடாது. உங்க செக்‌ஷன்ல ஒருத்தரும் தொடக் கூடாது. எல்லார்கிட்டேயும் சொல்லிடு."

சொல்லிவிட்டான். அதுதான் வினையாகப் போயிற்று. மறுநாள் பி செக்‌ஷன் வகுப்பில் ஒருத்தி எழுந்து, "மேம், நாலாவது பாடத்துல ஏழாவது கணக்குக்கு விடை தப்பா இருக்கு" என்றாள்.

"எந்த புக்குல?"

"நீங்க தொடக் கூடாதுன்னு சொன்ன புக்குலதான் மேம்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. விடை நிஜமாகவே தப்பு என்பதுதான் மைதிலிக்கு இன்னும் எரிச்சல்.

சாயங்காலம் முதல் வேலையாகப் புத்தகத்துக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டாள். அதை ஏ செக்‌ஷன் அனுஷாவுக்கு மட்டும் அனுப்பி, "உங்க குரூப்பைத் தாண்டி வெளியே போகக் கூடாது" என்றாள். அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா மறுநாள் பஸ்ஸைவிட்டு இறங்கும்வரை தாங்கியது. பஸ் ஸ்டாப்பில் பி செக்‌ஷன் பையன்கள் இரண்டு பேர் ஐந்தாம் பாடத்தில் மூழ்கிக் கிடந்தார்கள்.

கசிந்துவிட்டது என்று பாஸ்வேர்டை மாற்றினாள். அப்புறமும் படித்தார்கள். மறுபடி மாற்றினாள். நாலாவது தடவை வெறுத்துப் போய், நட்சத்திரமும் கேள்விக்குறியுமாக இருபது எழுத்தில் ஒன்றைப் போட்டாள். அவளுக்கே அது மனப்பாடம் ஆகவில்லை.

டெஸ்டுக்கு முந்தின நாள் அனுஷா தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மேம், எங்க செக்‌ஷன்ல யாருமே படிக்கலை. ரெண்டாவது பாஸ்வேர்டோட எல்லாரும் கை கழுவிட்டாங்க."

"பி செக்‌ஷனுக்கு மட்டும் எப்படித் திறக்குது?"

"நீங்க பூட்டறதுக்கு முன்னாடியே முழுசா டவுன்லோட் பண்ணி, ஜெராக்ஸும் போட்டுட்டாங்க மேம். எங்களுக்கும் குடுங்கன்னு கேட்டா, உங்களுக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கேங்கறாங்க."

மைதிலிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. டெஸ்ட் முடிந்தது. ஏ செக்‌ஷன் சராசரி நாற்பத்திரண்டு, பி செக்‌ஷன் எழுபத்தொன்று.

கிளிஃபர்ட் மார்க் ஷீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "என்ன மைதிலி மேடம், இப்ப ஒத்துக்கறீங்களா?"

"சார், பி செக்‌ஷனும் என் புக்கைத்தான் படிச்சாங்க. ஏ செக்‌ஷன்தான் படிக்கலை."

"தோத்தவங்க எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்லுவாங்க. நான் வாங்கிப் போட்ட புக்கு கையில இருக்கறப்ப, உங்க ஓசி புக்கை எதுக்கு மேடம் தொடப் போறாங்க?"

இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் போச்சு என்று மைதிலி மனசு விட்டுப்போய் உட்கார்ந்திருந்தாள். கிளிஃபர்ட் மணியை அடித்து அட்டெண்டர் கோவிந்தப்பாவைக் கூப்பிட்டார்.

"அடுத்த வருஷம் ரெண்டு செக்‌ஷனுக்கும் நம்ம புக்குதான். நூத்தியிருபது காபி ஆர்டர் போடணும், எழுதிக்கோ."

கோவிந்தப்பா தலையைச் சொறிந்தார். அவர் சொன்ன பதிலில் மைதிலி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அறுபது போதும் சார். நீங்க கையெழுத்துப் போட்டாதான் குடுக்கணும்னு சொன்னீங்களே, இந்த வருஷம் வந்த அறுபதும் கட்டுகூடப் பிரிக்காம ஸ்டோர் ரூம்லதான் இருக்குது."