முப்பத்தொரு ஓட்டைகள்: ஒரு பூச்சியின் வாக்குமூலம்

மதிப்புக்குரிய முனைவர் பிர்கிட் அம்மா அவர்களுக்கு,

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து ஹரிஷங்கர் நமஸ்காரத்துடன் எழுதுவது. இங்கே சித்தப்பா நாகேஸ்வரனும் சித்தி வாலாம்பாளும் சௌக்கியம். அங்கே தாங்களும், போன தடவை போட்டோவில் காட்டிய தங்கள் பூனையும் அப்படியே இருக்கப் பத்மநாபன் அருள வேண்டும். நான் சௌக்கியமா என்பதை மட்டும் இதைப் படித்து முடித்தபின் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

தாங்கள் அனுப்பிய அச்சுப்படி வந்து சேர்ந்தது. தங்கள் குருநாதர் பேராசிரியர் ரீட்மான் பன்னிரண்டு வருஷம் என் சித்தப்பாவுக்குத் தமிழிலேயே எழுதிய கடிதங்கள், தங்கள் அடிக்குறிப்புகளோடு நானூறு பக்கம். சித்தப்பாவிடம் படித்துக் காட்டி, சம்மதக் கையெழுத்து வாங்கி, முப்பதாம் தேதிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது. ஆகவே சொட்டு மருந்து விடுவதும் நான், அச்சுப்படி படிப்பதும் நான். ஏழாம் குறிப்பு வரை வண்டி ஒழுங்காக ஓடியது. கடிதத் தாள்களில் காணப்படும் செவ்வக ஓட்டைகள் முப்பத்தொன்றும் ‘வெப்பமண்டலப் பூச்சி அரித்தவை’ என்று எழுதியிருந்தீர்கள். ஸ்கேல் வைத்து அரிக்கிற பூச்சி திருவனந்தபுரத்தில் இருக்கிறதே என்று எனக்குச் சற்றே பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் நாற்பத்திரண்டாம் குறிப்பில் தாங்கள் மனசு மாறி, அந்தப் பூச்சிக்கு என் சித்தப்பாவின் பெயரை வைத்துவிட்டீர்கள். ‘பெறுநர் தமக்கு ஒவ்வாத பகுதிகளைத் திட்டமிட்டு நீக்கியிருக்கிறார் எனக் கருத இடமுண்டு.’

சட்டென்று நாற்பத்து மூன்றுக்குத் தாவினேன்.

“நாப்பத்திரெண்டு எங்கடா?” என்றார் சித்தப்பா, கண்ணை மூடியபடியே.

“அச்சில விட்டுப்போச்சு சித்தப்பா.”

“ஜெர்மன்காரா நம்பரை விடமாட்டா. படி.”

படித்தேன். எண்பத்தாறு வயது மனிதர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அது ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் தொடவில்லை. “அவ எழுதினது எழுதினபடி இருக்கட்டும். பேனாவைக் குடு, கையெழுத்துப் போடறேன்” என்றார். பெரிய மனசு என்று நினைத்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு பேனாவை எடுத்து என் சட்டைப் பைக்குள் ஒளித்துவைத்தேன்.

அம்மா, அந்தப் பூச்சி நான்தான். தங்களுக்குத் தெரியாததல்ல, ஏரோகிராம் என்பது ஒரே தாள், மடித்தால் அதுவே உறை, ஸ்டாம்பும் அதிலேயே அச்சடித்திருக்கும். பத்து வயதில் எனக்கு ஸ்டாம்ப் சேர்க்கிற கிறுக்கு. சித்தப்பா காலேஜுக்குப் போனதும் அவர் மேஜை டிராயரைத் திறந்து, சித்தியின் கத்தரியால் அந்த மூலையை வெட்டிக்கொள்வேன். உள்பக்கத்தில் அறிஞர் உலகமே அதே மூலையில் ஐந்தாறு வரியாகக் குடியிருக்கிறது என்பது என் சிற்றறிவுக்கு எட்டவில்லை. சித்தப்பா ஒரு நாளும் என்னை அதட்டியதில்லை. அதட்டியிருந்தால் தங்களுக்கு இருபது அடிக்குறிப்பு மிச்சமாகியிருக்கும்.

அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறதே, எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கடிதத்தில். பொன்முடி போகிற வழியில் உள்ள குளக்கரைக் கல்வெட்டைப் பற்றியது. ‘அதன் காலத்தை நூறு வருஷம் பிசகாகச் சொன்னது முழுக்க முழுக்க’ என்று பேராசிரியர் தட்டச்சு செய்திருக்கிறார், அத்தோடு ஓட்டை. யார் பிசகியது என்பது ஓட்டைக்குள். சித்தப்பாதான் பிசகினார், அதனால்தான் வெட்டினார் என்பது தங்கள் முடிவு. ஐம்பது வருஷம் கல்லைத் தடவியே வாழ்ந்தவருக்குக் கடைசியில் அச்சில் இந்தப் பெயரா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. (இரண்டாம் தடவை போட்டுக்கொண்டதுதான் இறங்கவில்லை. முதல் தடவை இறங்கிவிட்டது. வாக்குமூலத்தில் பொய் சொல்லக் கூடாது.)

துண்டுகள் என்ன ஆயின? ஆல்பத்தோடு பள்ளிக்கூட சிநேகிதன் ஞானையனுக்குக் கொடுத்துவிட்டேன். பதிலுக்கு அவன் தந்தது பைனாகுலரில் பாதி. ஒற்றைக் கண்ணாடி, அதிலும் கீறல். விழிஞ்ஞத்தில் கடலோரம் கிடைத்ததாம். இப்போது அவன் அங்கேயே துறைமுக வேலைக்காரர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறான். தினமும் காலையில் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூ போடுகிறவன் அவன்தான். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பூவுக்குப் பதில் போட்டேன். ஆல்பம் பத்திரமாக இருப்பதாகச் சொன்னான். மறுநாளே பஸ் ஏறினேன். அந்த பஸ் பாதி வழியில் மூச்சை விட்டது, மீதியை ஒரு மீன் வண்டியில் கடந்தேன் என்பதெல்லாம் ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாதவை. என் வேட்டிக்கு மட்டும் சம்பந்தம் உண்டு.

“லேய் ஹரி, எனக்க ஆல்பத்தத் திருப்பிக் கேக்கவாலே வந்தே?” என்று சமையல்கட்டு வாசலிலேயே வழிமறித்தான்.

“திருப்பி வேண்டாண்டா. ஸ்டாம்போட பின்பக்கத்தை மட்டும் பாத்துட்டுத் தரேன்.”

“பின்பக்கம் எப்பிடிலே பாப்ப? சோத்துப்பசை போட்டு ஒட்டியிருக்கு. நீதானே ஒட்டித் தந்தே, மக்கா!”

உள்ளேயிருந்து அவன் மனைவி ரத்னாபாய், “குடுத்து விடுங்க. அதுக்குத் தூசி தட்டியே எனக்க கையி தேஞ்சு போச்சு” என்றாள். அவன் கொடுக்கவில்லை. ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்னை ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லி, தானும் பின்னால் ஏறி ஸ்ரீவராகத்துக்கே வந்துவிட்டான்.

தண்ணீரில் ஊறப்போட்டால் தாளே கூழாகிவிடும். ஆவி காட்டலாம் என்றேன். எதில் காட்டுவது? சித்தியின் இட்லிக் கொப்பரையில்தான். ஆல்பத்தின் தாள்களைக் கத்தரித்து, தட்டுக்கு நாலு ஜெர்மனி வீதம் வேகவைத்தோம்.

“நாளைக்கு இட்லியில பசை வாடை வந்தா யாரும் மூஞ்சியச் சுளிக்கப்படாது, கேட்டேளா?” என்று சித்தி பொதுவாக அறிவித்தாள்.

ஒவ்வொன்றாக உரிந்து வந்தது. தட்டச்சு மை, அசையவில்லை! சாப்பாட்டு மேஜையில் பரப்பினோம். பறந்துவிடும் என்று ஃபேனை நிறுத்தியதில், உள்ளறையில் சொட்டு மருந்தோடு படுத்திருந்த சித்தப்பா போக நாங்கள் மூவரும்கூட வெந்தோம். ஞானையன் துண்டுகளின் ஓரத்தையும் தங்கள் அச்சுப்படியில் இருந்த கடிதப் போட்டோ நகல்களில் ஓட்டையின் ஓரத்தையும் பொருத்திப் பொருத்திப் பார்த்து, “இது இங்க, அது அங்க” என்று தட்டித் தட்டி வைத்தான். முப்பது வருஷம் அரசாங்கக் கோப்பு பார்த்த எனக்கு அந்தக் கை வரவில்லை.

அதில் என்னென்ன இருந்தது என்கிறீர்கள்! மூட்டுவலி ஏழு இடத்தில். ஒரு சக பேராசிரியர் குறட்டை விடாமல் இருந்த கருத்தரங்கே கிடையாது என்று ஓரிடத்தில். அவர் பெயரை எழுத மாட்டேன், தாங்கள் முன்னுரையில் இரண்டு தடவை அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள். ஒரு துண்டில் மட்டும் எழுத்து ஆல்பத் தாளிலேயே இடம் வலம் மாறி ஒட்டிக்கொண்டுவிட்டது. ஞானையன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஸ்கூட்டர் கண்ணாடியில் காட்டி, வாசலிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினான். ‘உங்கள் மனைவி அனுப்பிய கடுமாங்காய்க்கு’ என்று தாளில் நின்ற வாக்கியத்துக்கு, ‘எப்படி நன்றி சொல்வேன்’ என்று முடிவு வந்தது.

சித்தி கரண்டியோடு அப்படியே நின்றாள். “நாப்பது வருஷமா அந்த மனுஷன் ஒரு வார்த்தை நன்னியா சொல்லலைன்னு நெனச்சுண்டிருந்தேன். அதுக்கப்பறம் ஒரு ஊறுகாய்கூட அனுப்பலையேடா!” பிறகு என்னைப் பார்த்த பார்வையை அடிக்குறிப்பில் சேர்க்க இயலாது.

கடைசியில் எண்பத்து மூன்றாம் வருஷத்து ஓட்டைக்கும் துண்டு பொருந்தியது. அதில் நாலு வரிகளின் வால்: ‘என் பிழை’, ‘நீங்கள் இருமுறை எச்சரித்தும்’, ‘கேளாமல் அச்சேற்றினேன்’, ‘மன்னியுங்கள்’.

பிசகியவர் தங்கள் குருநாதர். திருத்தியவர் என் சித்தப்பா. வெட்டியவன் நான். அசல் துண்டையே இத்துடன் வைத்திருக்கிறேன். மற்ற முப்பதையும் போட்டோவாகத்தான் தர ஞானையன் சம்மதித்தான், அதற்கும் ‘ஆல்பம் உபயம்: விழிஞ்ஞம் ஞானையன்’ என்று புத்தகத்தில் போட வேண்டுமாம். நாற்பத்திரண்டாம் குறிப்பைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வேண்டுமானால் என் பெயரைப் போட்டு ‘பூச்சி’ என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

தங்கள் நூல் நன்றாக வரட்டும், பல பதிப்பு காணட்டும், பூனைக்கு எலி கிடைக்கட்டும். சித்தி கடுமாங்காய் ஒரு பாட்டில் கட்டிவைத்திருக்கிறாள், ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புவோம்.

இப்படிக்கு,
குற்றத்தை ஒப்புக்கொண்டு லேசாகிவிட்ட
ஹரிஷங்கர்

பின்குறிப்பு: மேலே உள்ளதைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “நன்னா எழுதியிருக்கே. முப்பதும் நீ வெட்டினதுதான். உன் கத்தரி வெட்டு பல்லுப் பல்லா இருக்கும். அந்தக் கல்வெட்டுத் துண்டு ப்ளேடால வெட்டினது. அதை வெட்டினவன் நான்” என்றார். ஏன் என்று கேட்டேன். “என் டிராயரைத் தெனம் என்கிட்ட படிக்க வர பத்துப் பசங்க குடைவா. ரீட்மான் என்னைவிட இருபது வயசு மூத்தவர். அவர் என்கிட்ட மன்னிப்புக் கேட்டதை ஊரெல்லாம் படிக்கணுமா? தூக்கி எறியவும் மனசு வரலை. நீதான் ஸ்டாம்ப் ஸ்டாம்ப்னு பறந்துண்டிருந்தியே, உன்கிட்ட குடுத்தேன்.”

ஆகவே அம்மா, மேலே நான் ஒப்புக்கொண்ட முப்பத்தொரு குற்றத்தில் ஒன்று என்னுடையதல்ல. திட்டமிட்டு நீக்கினார் என்று தாங்கள் எழுதியது அந்த ஒன்றில் முழுக்க உண்மை. யாருடைய மானத்துக்காக என்பதில்தான் பிசகிவிட்டீர்கள். துண்டை அனுப்பக் கூடாது, ஓட்டையை ஓட்டையாகவே அச்சிட வேண்டும், பழி தன் பேரில் இருந்தால் பாதகமில்லை என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். திருப்பி வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். திருப்தியாகக் குளிக்கப் போயிருக்கிறார்.

இந்த வரிகள் அவர் கேட்காதவை. துண்டு இரண்டாம் தாளில் கிளிப் போட்டு இருக்கிறது. உறையை ஒட்டப்போவது நான்.