நிற்கப் பிடித்த மக்கள்

வாருங்கள், இந்த அநீதிக்கு நீங்களே சாட்சியாகுங்கள். மருத்துவமனை எதிரே ஒரு பேருந்து நிறுத்தம்; அதில் மூவர் அமரும் இருக்கை ஒன்று; அதன் நடுவில், நகரக் கொள்கையில் முனைவர் பட்டம் பெறப் புறப்பட்ட நம் ஆய்வாளர். வலப்பக்கம் பை. இடப்பக்கம் மடிக்கணினி. ஆய்வுத் தலைப்பு: "பொது இருக்கைகளை மக்கள் பயன்படுத்துகிறார்களா?"

ஒரு வாரமாக ஒருவரும் உட்காரவில்லை.

"யாருமே உக்கார மாட்டேங்கறாங்க சார்," என்று நெறியாளரிடம் தொலைபேசியில் புலம்பினார்.

"உன்னைப் பாத்துக் கூச்சப்படறாங்கய்யா. கேமராவை வச்சிட்டுத் தள்ளிப் போ."

"திருடிட்டுப் போயிட்டா?"

"அப்ப பக்கத்துலயே உக்காந்து காவல் இரு. ஆனா ஒருத்தர் முகத்தையும் பாக்காத. காதுல பாட்டு மாட்டிக்க."

அறிவுரை அப்படியே நிறைவேறியது. பை இருந்த இடத்தில் கேமராவின் முக்காலி ஏறியது. பை மடிக்கணினியின் மேல் ஏறியது. யாரும் தட்டிவிடாதிருக்கக் குறுக்கே கயிறு கட்டி, "இயல்பாக அமரவும்" என்று அட்டையும் தொங்கவிட்டார். ஊன்றுகோலுடன் வந்த பெரியவர் ஏதோ கேட்டார். ஆய்வாளர் குனிந்த தலை நிமிராமல் கையை ஆட்டி அனுப்பினார். வீட்டில் மனைவி எங்கோ துணைக்கு அழைத்தபோதும், "நகரமே என்னை நம்பியிருக்கு, நீ பஸ்ல போயிட்டு வந்துடு," என்று கிளம்பிவிட்டார்.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. திரையில் ஒரு படம்: இடுப்பில் கையூன்றி நிற்கும் ஒரு பெண்ணின் முதுகு.

"இந்த அம்மா முக்கால் மணி நேரம் நின்றார். பக்கத்திலேயே இருக்கை, ஆனாலும் அமரவில்லை. நம் மக்களுக்கு நிற்கத்தான் பிடிக்கிறது. இருக்கைகள் வீண்செலவு."

நெறியாளர் கண் கலங்கினார். முன்வரிசையில் இருந்த மாநகராட்சி அதிகாரியோ, நகரெங்கும் இருக்கைகளை நாளையே பெயர்த்தெடுக்க அங்கேயே உத்தரவிட்டார்.

"அவையோர் யாரேனும் கேள்வி கேட்கலாம்," என்றார் தேர்வாளர்.

பின்வரிசையில், கைக்குழந்தையுடன் ஆய்வாளரின் மனைவி எழுந்தார்.

"கேள்வி இல்லைங்க. அந்த முதுகு என்னோடது. இவ வயித்துல இருந்தப்போ, செக்கப் முடிஞ்சு வந்து, பையைக் கொஞ்சம் எடுங்கன்னு ரெண்டு தரம் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பாக்காம கையை ஆட்டி விரட்டினீங்க."

பட்டம் கிடைத்துவிட்டது. உத்தரவும் அப்படியே நிற்கிறது. விடிந்ததும் கடப்பாரையோடு ஆட்கள் வருவார்கள். படித்து முடித்துவிட்டீர்கள் அல்லவா? போய் உங்கள் தெரு இருக்கையில் உட்காருங்கள். எழுப்பினால் எழாதீர்கள்.