அதிர்வலை அடிகளுக்கு ஒரு ரீ-டெஸ்ட்

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் போதும், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்கள் "ஒரகடம், ஒரகடம்" என்று கூவுவதை விட்டுவிட்டு "அடிகள், அடிகள்" என்று கூவுவார்கள். சேரப்பணஞ்சேரியில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் அதிர்வலை அடிகள். அவர் கையில் ஒரு கறுப்புப் பெட்டி. ஆளுக்கு நேரே நீட்டுவார். நல்ல ஆள் என்றால் பச்சை விளக்கு, தோஷம் பிடித்த ஆள் என்றால் சிவப்பு விளக்கோடு 'பீப்'. முன்பெல்லாம் வேப்பிலை அடித்துப் பேய் ஓட்டினார்கள். இப்போது பேயும் பேட்டரிக்கு மாறிவிட்டது, நாடு முன்னேறுகிறதல்லவா.

வரிசையில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள். வாரத்தில் ஆறு நாள், பச்சை எரிந்தால் பாஸ், சிவப்பு எரிந்தால் ரிஜெக்ட் என்று பழகிப்போனவர்கள். ஏழாவது நாள் தங்களையே கொண்டுவந்து நீட்டினார்கள். சாமியார் பொய் சொல்லலாம், விளக்கு பொய் சொல்லுமா என்பது அவர்கள் கட்சி.

போன ஞாயிறு சுபஸ்ரீக்குச் சிவப்பு எரிந்தது. கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. மாமியார் கோமதியம்மாள்தான் இழுத்துப் போனாள். அடிகளின் கல் மோதிர விரல் பெட்டியின் ஓரமாக நகர்ந்தது, பீப். "இந்தப் பொண்ணு இருக்கிற வீட்ல தொட்டில் ஆடாது. தாய் வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று தீர்ப்பு. டாக்டரிடம் போகலாம் என்று அவள் ரெண்டு வருஷமாகச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கணவன் இனியவன் கம்பெனியில் சர்க்யூட் போர்டு டெஸ்டிங்கில் வேலை பார்ப்பவன். "நான் இன்னா பண்றது சுபா, சிவப்பு எரிஞ்சிடுச்சே" என்றான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அசெம்பிளி லைனில் வேலை. லீவு நாளில் பழைய ரேடியோ, பொம்மைகளைப் பிரித்து எதையாவது செய்துகொண்டிருப்பாள். ஃபிரிட்ஜ் கதவு மூடாமல் கிடந்தால் கத்தும் கருவி ஒன்றைச் செய்து மாட்டியிருந்தாள். அது தினமும் மாமியாரைப் பார்த்தே கத்தியது. அந்தக் கோபமும் கோமதியம்மாளுக்கு உள்ளே கிடந்தது.

இந்த ஞாயிறு துணிமணியெல்லாம் கட்டி முடித்துவிட்டுக் கணவனிடம் கேட்டாள்.

"கெளம்பிடுறேன். ஆனா ரீ-டெஸ்ட் பண்ணாம எந்த போர்டையாச்சும் ஸ்கிராப்ல போடுவீங்களா?"

"போட மாட்டோம்."

"ஷிப்ட் ஆரம்பிச்சதும் மொதல்ல இன்னா செய்வீங்க?"

"மெஷினையே செக் பண்ணுவோம். நல்லதுன்னு தெரிஞ்ச மாஸ்டர் பீஸ வச்சு."

"அத அந்தப் பொட்டிக்கும் செய்யலாம் வாங்க."

கொட்டகையில் அடிகள், கூடவே வந்த கோமதியம்மாளுக்குப் பச்சை காட்டி, "மகாலட்சுமி அம்சம்" என்றார். அந்த அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"மாஸ்டர் பீஸ் கெடச்சிடுச்சு. அத்தை, நானு, வரிசையிலேர்ந்து ரெண்டு பேரு, நாலு பொம்பளைங்க போர்வை போத்திகினு ஒக்காருறோம். ஆரு சிவப்புன்னு பொட்டி சொல்லட்டும் சாமி" என்றாள் சுபஸ்ரீ.

"தெய்வத்தச் சோதிக்கக் கூடாதும்மா."

வரிசையில் நின்ற சூப்பர்வைசர் சாம்சன் குறுக்கிட்டார். "தெய்வத்த இல்ல சாமி, மெஷினத்தான். நாங்க டெய்லி பண்றது." கம்பெனிக் கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. இது அவர்களுக்குப் புரிந்த பாஷை.

வேறு வழியில்லை. முதல் போர்வைக்குப் பச்சை. இரண்டுக்கும் பச்சை. மூன்றாவதின் அடியில் கம்பெனி ஐடி கார்டின் நீல நாடா எட்டிப்பார்த்தது. அடிகளின் கண் அதில் பட்டது, மோதிர விரல் நகர்ந்தது, பீப்.

போர்வையை விலக்கினால் உள்ளே மகாலட்சுமி அம்சம். போர்த்தும்போது மருமகள் மாட்டிவிட்ட ஐடி கார்டு கோமதியம்மாள் கழுத்தில் கிடந்தது.

"அடப்பாவி, எனக்கா தோஷம்?" என்று கோமதியம்மாள் எழுந்தாள்.

"அத்தை, ஒக்காருங்க. சாமி, மோதிரத்தக் கழட்டுங்க." அவர் தயங்க, சாம்சனே கழற்றி வாங்கினார். மோதிரம் இல்லாத கையில் பெட்டி யாரைப் பார்த்தும் கத்தவில்லை. சுபஸ்ரீ மோதிரத்தை அதன் ஓரத்தில் வைத்தாள், பீப். எடுத்தாள், பச்சை.

"மோதிரத்துல காந்தம். பொட்டிக்குள்ள காந்தத்துக்கு வேலை செய்ற ஸ்விட்ச். நம்ம ஃபிரிட்ஜ்ல மாட்டியிருக்கேனே, அதே சாமான்தான் அத்தை. அது கதவப் பாத்துக் கத்துது, இது இவரு விரலப் பாத்துக் கத்துது."

அடிகள் நழுவப் பார்த்த பின்வாசலைக் கூட்டம் மறித்துக்கொண்டது. இனியவன் தலையைச் சொறிந்தான். "வூட்டுக்குப் போலாமா சுபா?"

"மொதல்ல ஆஸ்பத்திரி. ரெண்டு பேருக்கும் டெஸ்ட்."

ஒரு போர்டைக் கழிக்க ரெண்டு தடவை சோதிப்பீர்கள், கட்டினவளைக் கழிக்க ஒரு பீப் போதுமா? ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது மூளையையும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டா வருகிறீர்கள், புண்ணியவான்களே? கம்பெனி ஒன்றும் சொல்லாது, அதை வீட்டுக்கும் எடுத்துப் போங்கள்.