பிச்சாண்டிக் கரடியின் வண்டி எம்புட்டு குடுக்குது?

ஒரு காட்டில் என்று ஆரம்பித்ததும் சிங்கத்தைத் தேடாதீர்கள். சிங்கம் இருக்கிறது. மீட்டிங்கில் இருக்கிறது. இந்தக் கதை முடியும்வரை அது மீட்டிங்கில்தான் இருக்கும். நாம் கரடியிடம் போவோம்.

கரடியின் பெயர் பிச்சாண்டி. கரடியாய்ப் பிறந்தால் மரமேறித் தேன் எடுக்க வேண்டும் என்பது காட்டு வழக்கம். பிச்சாண்டிக்குத் தேன் பிடிக்கும், தேனீ பிடிக்காது. சின்ன வயதில் மூக்கில் வாங்கிய கொட்டு இன்றைக்கும் மழைக்காலத்தில் விண்விண்ணென்று தெறிக்கும். அதனால் மரம் ஏறுவதை விட்டுவிட்டு, ஒரு பழைய பிக்கப் வண்டியைப் பிடித்து லோடு அடிக்கத் தொடங்கியது. தேனீ முகத்தில் விழிக்காமல் கஞ்சி குடித்தது. அது போதும் என்று இருந்தது.

அந்தப் பழைய வண்டிக்குப் பெரிய இன்ஜின். லாரிக்கு வைக்க வேண்டியதைத் தூக்கக் கலக்கத்தில் இதில் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் முனகாமல் மலை ஏறும். லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குறை சொல்லத்தானே டீக்கடை வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காட்டில் ஒரு பழக்கம். வண்டி வைத்திருப்பவரைப் பார்த்தால் முதல் கேள்வி, "எம்புட்டு குடுக்குது?" பெண்டாட்டி பிள்ளை சுகமா என்பதெல்லாம் அப்புறம். இதற்கு உண்மையான பதிலை எவரும் சொன்னதில்லை. காட்டுப்பன்றி தன் மொபெட் எண்பது கொடுக்கிறது என்றது. அதை மலையுச்சியிலிருந்து உருட்டிவிட்டாலும் எண்பது வராது. முயல் எழுபது என்றது. முயலிடம் வண்டியே கிடையாது.

பிச்சாண்டி மட்டும் விவரம் தெரியாமல், "பதினொண்ணு" என்று சொல்லித் தொலைத்தது.

பன்றி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "வண்டியில ஓட்டை எதுவும் இருக்கான்னு பாத்தியாப்பா?" என்றது.

ஒரு நாள் கேட்டால் பரவாயில்லை. தினமும் கேட்டால் எந்தக் கரடிதான் தாங்கும்? ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பிச்சாண்டி குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, தங்கப்பாண்டி நரியின் ஷோரூமுக்குப் போனது.

நரி வாசலுக்கே ஓடிவந்தது. "வாங்கண்ணே! உங்களுக்குன்னே ஒரு வண்டி வந்து நிக்குது."

வண்டி பளபளவென்று இருந்தது. பிச்சாண்டி பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தது. "இன்ஜின் எங்க தம்பி?"

"அந்தா, ஓரமா இருக்குல்ல. புது மாடல்ணே. சின்ன இன்ஜின். சின்ன வயிறு, கொஞ்சமாத்தான் குடிக்கும். எறும்பு எம்புட்டு திங்கும், எருமை எம்புட்டு திங்கும், நீங்களே சொல்லுங்க."

"எம்புட்டு குடுக்கும்?"

"கம்பெனி சொல்றது இருபத்திரண்டு. ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன். பதினெட்டு."

"பாரம் இழுக்குமா?"

நரி சுவரில் சீரியல் பல்பு மின்னிக்கொண்டிருந்த பிள்ளையார் படத்தைக் கைகாட்டியது. "அவரு என்ன வெயிட் இருப்பாருண்ணே?"

பிச்சாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டது. "நல்ல வெயிட்டுதான்."

"அவரோட வண்டி எது?"

"மூஞ்சூறு."

"இழுக்கலையா?"

இந்தக் கேள்விக்கு எதிர்க்கேள்வி கேட்டவர் காட்டிலும் இல்லை, நாட்டிலும் இல்லை. பிச்சாண்டி பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு, புது வண்டியின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலையோடு டீக்கடைக்கு ஓட்டிக்கொண்டு போனது. "பதினெட்டு" என்று உரக்கச் சொன்னது. பன்றி எழுந்து இடம் கொடுத்தது. பிச்சாண்டிக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் தேன்கூட்டில் தலையை விட்டாலும் வராது.

அந்தச் சமயத்தில்தான் மேல்காட்டில் பஞ்சம் வந்தது. மழை பொய்த்து, மூங்கில் கருகி, யானைகள் பட்டினி கிடந்தன. அடிவாரத்திலோ பலாமரங்கள் காய்க்க இடமில்லாமல் வேரில் எல்லாம் காய்த்துக் கிடந்தன. யானைகள் கீழே நடந்து வந்து தின்றுவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். யானைகளும் அதைத்தான் கேட்டன. ஆனால் சிங்கத்தின் அலுவலகம் 'வீடு தேடிப் பலா' என்று திட்டம் அறிவித்து பேனரும் அடித்துவிட்டது. அடித்த பேனரை என்ன செய்வது?

லோடு ஏற்றும் வேலைக்கு பிச்சாண்டி மனுப் போட்டது. மந்தி குமாஸ்தா படிவத்தை நீட்டியது. நாலாவது கட்டத்தில், 'வண்டி எவ்வளவு கொடுக்கும்?' என்று இருந்தது. பிச்சாண்டி பெருமையாகப் பதினெட்டு என்று எழுதியது.

"மேல்காடு முப்பத்தாறு கிலோமீட்டர். பதினாலு கொண்டை ஊசி வளைவு," என்றது மந்தி. "ஒரு நடைக்கு ரெண்டு லிட்டர் டீசல் நாங்க தருவோம். இறங்கும்போது நியூட்ரல்ல வந்துரணும். தொடர்ந்து மூணு நடை போய்ச் சேரலைன்னா லைசென்ஸ் ரத்து. அப்புறம் அஞ்சாவது கட்டத்துல இருக்கிற வேலைக்குப் போகணும்."

அஞ்சாவது கட்டம் 'பரம்பரைத் தொழில்'. அதில் மந்தியே முன்கூட்டி எழுதி வைத்திருந்தது: தேன்.

பிச்சாண்டி மூக்கைத் தடவிக்கொண்டு கையெழுத்துப் போட்டது.

முதல் நடை. வண்டி நிறையப் பலாப்பழம். சமதளத்தில் சிட்டாகப் பறந்தது. மலை ஆரம்பித்ததும் வண்டி ஒரு சத்தம் போட்டது. பிரசவ வார்டில் கேட்கும் சத்தம். இரண்டாவது கியரை விட்டு ஏற மாட்டேன் என்றது. மூன்றாவது வளைவில் முதல் கியருக்கு இறங்கியது. ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தும், பக்கத்தில் நடந்துபோன ஆமை ஒன்று, "முன்னாடி போகவா?" என்று கேட்டுவிட்டுப் போனது. ஐந்தாவது வளைவில் டீசல் தீர்ந்து வண்டி நின்றது. பன்னிரண்டு கிலோமீட்டர், இரண்டு லிட்டர். லிட்டருக்கு ஆறு.

வண்டியைத் திருப்பி, நியூட்ரலில் விட்டு, எல்லாச் சாமியையும் கூப்பிட்டபடி பிச்சாண்டி கீழே இறங்கியது. பழங்கள் அடிவாரத்திலேயே பழுத்து வெடித்தன. அவற்றின் வாசனை மட்டும் மேல்காடு போய்ச் சேர்ந்தது. பட்டினி கிடக்கிறவர்களுக்கு அதைவிடக் கொடுமை வேறு கிடையாது.

பிச்சாண்டி வண்டியை மெக்கானிக் மூக்கையாவிடம் கொண்டு போனது. மூக்கையா ஒரு மூஞ்சூறு. வண்டிக்கடியில் புகுந்து பார்க்க ஜாக்கி தேவையில்லை என்பதால் காட்டில் அதற்கு நல்ல பெயர். அது டயரில் காற்று பார்த்தது, ஃபில்டரைக் கழற்றி ஊதியது, குழாய்களை மோந்து பார்த்தது. பிறகு வெளியே வந்து ஒரு கடலை உருண்டையைக் கடித்தது.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லை."

"அப்புறம் ஏன்யா ஆறு குடுக்குது? சின்ன இன்ஜின்தானே, கொஞ்சமாத்தானே குடிக்கணும்?"

"சின்ன வேலை பாத்தா கொஞ்சமா குடிக்கும். நீ அது தலையில மலையத் தூக்கி வைக்கிறே. உயிரக் குடுத்து இழுக்குது, அதனால அண்டா அண்டாவா குடிக்குது. உன் பழைய வண்டிக்கு இது சும்மா நடக்கிற மாதிரி. இதுக்கு வழி பூரா ஓட்டம்."

"பிள்ளையார மட்டும் மூஞ்சூறு இழுக்கலையா?"

மூக்கையா மென்றுகொண்டிருந்ததை விழுங்கியது. அக்கம்பக்கம் பார்த்தது. "எங்க வம்ச ரகசியம், சொல்றேன். சதுர்த்திக்கு அம்புட்டு கொழுக்கட்டை படைக்கிறாங்களே, அவரு திங்கிறதுன்னா நெனச்சே? அவரு தும்பிக்கையில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், நல்லாப் பாரு. மிச்சம் பூரா வண்டிக்கு. அது டீசல்யா."

பிச்சாண்டிக்குக் கண்ணைக் கட்டியது. நேரே ஷோரூமுக்குப் போய்க் கத்தியது. நரி பதறவில்லை. நாற்காலி போட்டு, மோர் கொடுத்தது.

"வண்டி பதினெட்டு குடுக்கும்ணே. உங்களுக்கு வாங்கத் தெரியல."

"என்னது?"

"ஓட்டுற விதத்துல இருக்கு. காத்து எதிர்க்குது பாருங்க. உடம்பு பூரா இம்புட்டு முடியை வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் உக்காந்தா வண்டி எப்படிண்ணே போகும்?"

கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும் என்பார்கள். பிச்சாண்டி மறுநாளே முடிதிருத்தும் கடைக்குப் போய், உச்சி முதல் உள்ளங்கால்வரை மழித்துக்கொண்டு வந்தது. மழித்த கரடியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காமல் இருப்பது நல்லது.

இரண்டாவது நடையில் வண்டி ஆறாவது வளைவுவரை போனது. உடம்பு முடி மொத்தத்துக்கும் கிடைத்த லாபம் ஒரு வளைவு. அங்கே நின்ற வண்டியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தேனீ வந்து பிச்சாண்டியின் வழுக்கைத் தோளில் உட்கார்ந்து, சாவகாசமாக அங்கும் இங்கும் நடந்து பார்த்தது. வாடகைக்கு வீடு பார்க்கிறவர் நடப்பதுபோல் நடந்தது. முன்பாவது தேனெடுக்கப் போனால் முடி காப்பாற்றும். இப்போது போனால் உடம்பு முழுக்க மூக்குதான்.

மறுநாள் விடிந்ததும் அலுவலகத்தில் போய் நின்றது. "சார், நாலாவது கட்டத்துல தப்பா எழுதிட்டேன். ஆறுன்னு திருத்திக்கங்க. ஒரு நடைக்கு ஆறு லிட்டர் குடுத்தாப் போய்ச் சேந்துருவேன்."

மந்தி கண்ணாடியைக் கழற்றியது. "ஒத்தை இலக்கம் எழுத முடியாது. ரெண்டு கட்டம் இருக்குல்ல?"

"சைபர் போட்டு ஆறுன்னு எழுதுங்க."

"சைபர்ல ஆரம்பிச்சா அபசகுனம். அதுபோக, பத்துக்குக் கீழே குடுக்கிறதை விதிப்படி வண்டின்னு சொல்ல மாட்டோம். அடுப்புன்னுதான் சொல்வோம். அடுப்புக்கு வேற ஆபீஸ்."

"சிங்கத்தைப் பாக்கணும்."

"மீட்டிங்ல இருக்கு."

கடைசி நடை. அதே இரண்டு லிட்டர். அதே ஆறாவது வளைவு. வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பிச்சாண்டி இறங்கி, ஒரு கல்லில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதது. மேலே இருபத்துமூன்று கிலோமீட்டர் பாக்கி. கீழே போனால் தேன்.

அப்போது மேலேயிருந்து ஒச்சம்மா வந்தது. ஒச்சம்மா மேல்காட்டு யானைகளுக்கெல்லாம் மூத்தது. விலா எலும்பு எண்ணிவிடலாம்போல் இருந்தது. மூன்று லோடாக வாசனை பிடித்துப் பிடித்துப் பொறுக்க மாட்டாமல், பேனராவது மண்ணாவது என்று இறங்கி வந்திருந்தது.

"எவண்டா அது, பன்னி மாதிரியும் இல்லாம மனுசன் மாதிரியும் இல்லாம?"

"நான்தாங்கா. பிச்சாண்டி."

"வண்டி ஏன் நிக்குது? குட்டிக மூணு நாளா கல்லச் சப்பிக்கிட்டு கிடக்குடா."

பிச்சாண்டி எழுந்து நின்றது. டீக்கடையில் எவரிடமும் சொல்லாததை, சொல்லப் போன அலுவலகத்திலும் எழுதிக்கொள்ளாததைச் சொன்னது. "அக்கா, இது ஆறுதான் குடுக்குது."

இந்த இடத்தில், உண்மை சொன்ன கரடிக்கு வனதேவதை தோன்றிப் பெரிய இன்ஜின் ஒன்றைப் பரிசளிக்கும் என்று எதிர்பார்த்தால், நீங்கள் பாடப்புத்தகத்தை நிறையப் படித்திருக்கிறீர்கள். ஒச்சம்மாவுக்கு மைலேஜ் என்றால் என்னவென்றே தெரியாது. அது பலாப்பழங்களைப் பார்த்தது. பாதி லோடை அங்கேயே தின்றது. தோலையும் விடவில்லை. பிறகு வண்டிக்குப் பின்னால் போய் நெற்றியை வைத்தது.

"ஏறி உக்காந்து வளைச்சு மட்டும் ஓட்டுடா."

வண்டி கிளம்பியது. சத்தமில்லை, புகையில்லை. இன்ஜின் ஓடியபோது போனதைவிட வேகமாகப் போனது. பதினாலாவது வளைவு தாண்டி மேல்காட்டில் குட்டிகள் சுற்றி நின்றபோது, ஒச்சம்மாவின் நெற்றித்தோல் உரிந்து சிவந்திருந்தது. பாதி லோடு அரை மணியில் காலி. பிச்சாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தது. இறங்கிப் போய் அந்த நெற்றியைப் பார்க்க அதற்கு வெட்கமாக இருந்தது.

மந்தி கணக்குப் பார்த்தது. முப்பத்தாறு கிலோமீட்டர். இரண்டு லிட்டர். "சொன்ன மாதிரி பதினெட்டு. இதைத்தான் நான் அப்பவே சொன்னேன்," என்று முத்திரை குத்தியது. லைசென்ஸ் தப்பியது.

பாதி லோடுதானே போய்ச் சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நடைக்கும் ஒச்சம்மா ஆறாவது வளைவுவரை நடந்து இறங்கி வந்து, பாதியைத் தின்று, மீதியைத் தள்ளிக்கொண்டு போனது. யானைகள் நடக்காமல் இருப்பதற்காகப் போட்ட திட்டம் மாபெரும் வெற்றி என்று இன்னொரு பேனர் வந்தது. அதன் பக்கத்திலேயே நரியின் பேனர்: மழித்த கரடி வண்டிமேல் சாய்ந்து நிற்கும் படம், கீழே 'பதினெட்டு குடுக்குது!' ஊரே அந்த வண்டியை வாங்கியது. எல்லாருக்கும் ஆறுதான் கொடுத்தது. எல்லாரும் டீக்கடையில் இருபது என்றார்கள். இருபது என்று சொன்னவர்கள் எல்லாம் அடுத்த வாரம் முடிவெட்டிக்கொண்டார்கள்.

ஒரு நாள் மூக்கையா வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தது. பின்பக்கத் தகட்டில் நெற்றி அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான்யா சரியான இன்ஜின் மாட்டியிருக்கே," என்றது. "எங்க காலத்துல மூஞ்சூறு ஆனையைச் சுமந்துச்சு. இப்ப ஆனை மூஞ்சூறத் தள்ளுது."

டீக்கடையிலிருந்து பன்றி கத்தியது. அதன் தலையும் மொட்டையாக இருந்தது. "பிச்சாண்டி! உனக்கு மட்டும் எப்படிப்பா பதினெட்டு குடுக்குது?"

பிச்சாண்டி வாயைத் திறந்தது. ஆறு என்று சொல்லத்தான் திறந்தது. முதுகில் முடி இப்போதுதான் முளைத்து அரிக்க ஆரம்பித்திருந்தது. தலைக்கு மேலே ஒரு தேனீ பறந்து போனது.

"எல்லாம் ஓட்டுற விதத்துல இருக்கு," என்றது பிச்சாண்டி.

நீதி: சின்ன இன்ஜின் வண்டி சொன்ன மைலேஜைக் கட்டாயம் கொடுக்கும். பின்னாலிருந்து தள்ளுவதற்குப் பசித்த யானை ஒன்று இருந்தால் போதும்.