நாடா வைத்த தலைப்பாகை

கலியாண நாளைத் தவிர வேறெந்த நாளிலாவது தலைப்பாகையோடு திரிகிற ஒரு தமிழனை எங்கள் பக்கத்தில் காட்டுங்கள், நான் சொல்வது முழுக்கப் பிழை என்று ஒத்துக்கொள்கிறேன். வயல் வட்டையில் வெயிலுக்குத் துவாயைத் தலையில் சுற்றுவார்கள், அது உண்மை. ஆனால் மதிக்கத்தக்க ஒருவர் எதிரே வந்தால் அதையும் அவிழ்த்துக் கையில் போட்டுக்கொள்வார்கள். மூடிய தலையோடு முன்னால் நிற்பது எங்களிடத்தில் மரியாதை இல்லை. இது எங்கள் ஊர் வாகரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாசிக்குடாவில் நான் வேலை பார்த்த ஹோட்டலின் மனேஜருக்கு மட்டும் தெரியாது.

அவர் கொழும்புக்காரர். ஒரு நாள், சிவப்புத் துணியில் சரிகை ஓடி, உச்சியில் விசிறி விரித்த ஒரு சாமானைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"இதுதான் நம்ம பாரம்பரியம். இனி வாசல்ல இதோடதான் நிக்கணும். டியூட்டி முடியிற வரைக்கும் கழட்டக் கூடாது."

எந்தப் பரம்பரையின் பாரம்பரியம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. (அந்த வயதில் எனக்கு ரோஷம் நிறைய இருந்தது, வாய்தான் இல்லை.)

அது வேறு யாருடைய தலைக்கோ செய்தது. விருந்தினருக்குக் குனிந்து வணக்கம் சொன்னால் என் மூக்கு வரை இறங்கியது. அதுவும் பாரம்பரியம் என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். மனேஜர் என்ன செய்தார்? வேறு அளவு எடுத்தாரா? இல்லை. இரண்டு பக்கமும் நாடா தைப்பித்து, நாடிக்குக் கீழே முடிச்சுப் போடச் சொன்னார். பாலர் பாடசாலை விழாவில் முயல் வேஷம் கட்டிய பிள்ளை மாதிரி நான் வாசலில் நின்றேன். ரோட்டால் போகிற ஆட்டோக்காரர் ஒருவர் பாக்கியில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி: "மாப்பிள்ளை, பொம்பிளை எங்க?"

எங்கள் வீட்டிலும் அப்போது அதே கேள்விதான். களுதாவளையில் ஒரு இடம் பேசியிருந்தார்கள். படத்தைப் பார்த்த அன்றே எனக்குச் சம்மதம், பொம்பிளைக்கும் சம்மதமாம். அவளுடைய அப்பா மட்டும் ஓம் சொல்லவில்லை. எங்கள் வழக்கப்படி, கட்டினால் மாப்பிள்ளை வந்து இருக்கப்போவது அவர் வீட்டில், ஆளைப் பார்க்காமல் எப்படிச் சொல்வார்?

"ஒரு நாளைக்கு வேலை செய்யிற இடத்துக்கே வருவாராம். மரியாதையா நடந்துக்க மனே" என்று அம்மா போனில் சொன்னார்.

வந்தார். நல்ல மத்தியான வெயில், தலையில் துவாய். படத்தில் பார்த்த பொம்பிளையின் அதே மூக்கு. கண்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் என்னைக் கண்டதும் அந்த மனிதர் செய்த வேலையை என்னவென்று சொல்வது! துவாயை அவிழ்த்துக் கையில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, "ஐயா, யோகன் எண்டு ஒரு பொடியன் இஞ்ச வேலை செய்யிறானாம். கொஞ்சம் கூப்பிட்டு விடுவீங்களா?" என்றார்.

என் அப்பா வயது மனிதர். பெண் தரப் போகிறவர். அவர் எனக்கு முன்னால் வெறுந்தலையோடு நிற்கிறார், நான் அவருக்கு முன்னால் விசிறியோடு நிற்கிறேன்.

"நான்தான் மாமா!" என்று கத்தினேன். (மாமா என்று கூப்பிட எனக்கு யார் உத்தரவு தந்தது?) நாடாவைப் பிடித்து இழுத்தேன். காலையிலிருந்து வியர்வையில் ஊறிய முடிச்சு, இழுக்க இழுக்க இறுகியது. தலைப்பாகையை அப்படியே மேலே தள்ளிப் பார்த்தேன். அது என் நாடியையும் சேர்த்துத் தூக்கியதில் வாய் மூடிக்கொண்டது. விளக்கம் சொல்லவும் வழியில்லை. அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து மனேஜர், "கழட்டாத! பஸ் வருது, பஸ் வருது!" என்று துள்ளினார்.

பஸ்ஸும் வந்தது. இறங்கிய வெள்ளைக்காரர்கள் நான் ஆடுகிறேன் என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு பெண் என் பக்கத்தில் வந்து தானும் ஆடினாள். (நான் கூப்பிடவில்லை. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுகிறேன்.)

மாமாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "பொறு மனே, கழுத்து நெரிஞ்சு சாகப்போறாய்" என்று மடியிலிருந்த பாக்குவெட்டியை எடுத்து நாடாவை நறுக்கினார். தலைப்பாகை உருண்டு பஸ் சில்லுக்குப் பக்கத்தில் போய் நின்றது. மூச்சு வந்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு வாயும் வந்தது.

"இது எங்கட பாரம்பரியம் இல்ல சேர்! பெரியாக்களைக் கண்டா கழட்டிறதுதான் எங்கட பாரம்பரியம்!"

மனேஜர் தலைப்பாகையைப் பொறுக்கித் தூசி தட்டினார். அடுத்த நாள் புது நாடா, அதே தலைப்பாகை, அதே தலை. மற்றவர்கள் வெறுந்தலையோடுதான் வேலை செய்தார்கள். இதைக் கேட்க ஒரு நாதியில்லை.

மாமா பாக்குவெட்டியை மடியில் செருகிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார். இந்தக் கலியாணம் சரிவராது என்று நினைத்து அன்றிரவு நான் சாப்பிடவில்லை. விடியத்தான் அம்மா போன் எடுத்தார். மாமா சொன்னது இதுதானாம்: "இந்தப் பொடியன் காணும், வேற மாப்பிள்ளை தேவையில்லை. தலை கழண்டாலும் பரவாயில்லை எண்டு என்னைக் கண்டு தலைப்பாவைக் கழட்டப் பாத்தான்."

அதோடு விட்டிருந்தால் நான் ஏன் இன்றைக்கு இப்படிக் கொதிக்கிறேன்? கலியாணத்தன்று, நியாயப்படி தலைப்பாகை வைக்க வேண்டிய ஒரே நாளில், அது என் தலையில் ஏறியதும் மாமா மணவறைக்கு நடந்து வந்தார். மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் போய்விட்டார். ஐயரே மந்திரத்தை நிறுத்திச் சிரித்தார். பொம்பிளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை வைத்தாலும், "பாக்குவெட்டி வந்திட்டா?" என்று கேட்காமல் விடுவதில்லை. அந்த மனேஜரை ஒருவரும் பகிடி பண்ணுவதில்லை, என்னைத்தான். போன மாதம் மச்சானின் கலியாணத்தில் அதைக் கேட்டது என் சொந்த மகள். அந்த ஹோட்டல் வாசலை அவள் கண்டதே இல்லை.

மாமா சிரிக்கவில்லை. பேத்திக்கு மடியைத் தட்டிக் காட்டி, "ஓம் புள்ள, உன்ர கொப்பாவுக்காக எப்பவும் வைச்சிருக்கன்" என்றார்.